மடையான் படத்தின் கீழே இருக்க வேண்டிய பெயர்

திண்டுக்கல்,
23.1.2026

அன்பு மகள் அறிவுச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சுகமில்லை என்கிறது, மற்ற நேரங்களில் அவள் சொன்னபடி கேட்கிறது. நீயும் மாப்பிள்ளை ஜெரோமும் அந்தப் பெர்கன் நகரத்து மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் கடிதமா என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக முயன்றேன். ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது முறை நீயே, "அப்பா, குளிர் போன வாரம் மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் தாளில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பக்கம் திருப்பினால் எனக்குத் தைரியம் போய்விடும். உங்கள் ஊர் நூலகத்தில் அடுத்த மாதம் பதினான்காம் தேதி மாட்டப்போகிறார்களே, மடையான் சிறகு விரித்து எழும்புகிற படம், அது நான் எடுத்தது அல்ல. அதன் கீழே நீ கொடுத்திருக்கும் என் பெயரை எடுத்துவிட வேண்டும். எடுத்தவர் பெயர் மூக்காயி. யார் மூக்காயி என்று நீ கேட்பாய். வரிசையாகச் சொல்கிறேன்.

நீ கேமரா அனுப்பி வைத்து இந்த மாதத்தோடு பதினாலு மாதம் ஆகிறது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதன், ஓய்வு பெற்ற பிறகு வீட்டு நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மா உன்னிடம் புகார் சொல்லி, நீ அனுப்பிய கேமரா அது. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் காலை முதல் பஸ்ஸில் நத்தம் ரோட்டில் மேலோடைப்பட்டி விலக்கில் இறங்கிக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தேன். உனக்கு அனுப்பிய படங்களில் சாம்பல் நாரை சுமாராக வந்தது. கூழைக்கடா பெரிய பறவை, அதைத் தவறவிடுவது கஷ்டம், அதனால் அதுவும் வந்தது. மடையான் மட்டும் எனக்கு வசப்படவே இல்லை. மடைக்கல்லில் உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் ஒரு மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். எழும்பிய கணத்தில் இரண்டு சிறகும் வெள்ளை வேட்டியை உதறியது போல் விரியும். அந்த ஒரு கணம்தான் எனக்கு வேண்டியிருந்தது. பதினாலு மாதத்தில் என்னிடம் சேர்ந்தவை மண்ணாங்கட்டி நூற்றுப் பன்னிரண்டு, பறவை போன பிறகு வெறும் ஆகாயம் அறுபத்து மூன்று. ஆகாயப் படங்கள் நன்றாகத் தெளிவாக இருப்பதாக அம்மா சொன்னாள்.

என் பழக்கம் உனக்குத் தெரியும், எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டு எழுதிக்கொள்வேன். கிளிப் அட்டையில் தாளை வைத்து நேரம், இடம், பெயர், எண்ணிக்கை, செய்கை என்று ஐந்து கட்டம். அலுவலகப் பழக்கத்தில் வினைச்சொல்லெல்லாம் வெட்டிவிட்டுச் சுருக்கமாக எழுதுவேன். டிசம்பர் முதல் வாரம் அடித்த காற்றில் அப்படிப்பட்ட ஒரு தாள் அட்டையிலிருந்து பறந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். அன்று பார்த்த பறவைகளில் ஒன்றின் பெயரில்கூடக் கொக்கோ நாரையோ கோழியோ காகமோ இல்லை என்பதுதான் என் கெட்ட நேரம். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று மனப்பாடமாகத் தெரியும், ஏனென்றால் அதன் பிறகு அதை ஊரே எனக்கு ஒப்பித்துக் காட்டியது. காலை 6.40, கீழ்மடைக் கல், மடையான், ஒன்று, சும்மா உட்கார்ந்திருத்தல், வேலை எதுவும் இல்லை. 6.55, கருவேல மரத்தடி, ஆள்காட்டி, இரண்டு, யாரைக் கண்டாலும் கூச்சல். 7.10, டீக்கடைக்கு எதிர்ச் சேறு, கரண்டிவாயன், மூன்று, தலையை ஆட்டி ஆட்டித் தீனி. 7.30, நடுக் கண்மாய், கூழைக்கடா, ஒன்று, தொண்டைப் பை மிகப் பெரிது, ஒரே வாயில் நாலு பேர் பங்கு. மேலே "களக் குறிப்பு, தாள் 2" என்று அச்சுப் போன்ற என் கையெழுத்தில் தலைப்பு வேறு. மூன்று கால் ஸ்டாண்டை நட்டுவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற கிழவன் நிச்சயம் அளக்க வந்தவன்தான் என்று ஏற்கெனவே சிலருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, தண்ணீர் வற்றிய பக்கத்தில் அரசுக் கண்மாய்க்குள் அனுமதி இல்லாமல் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார்கள். இப்போது தாளும் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை பஸ்ஸிலிருந்து இறங்கினேன். விலக்கில் பாண்டியராஜ் என்பவர் டீக்கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கேட்காமலே கிளாஸைக் கழுவுகிறவர் அன்று கழுவவில்லை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர். நடுவில் மொக்கைச்சாமி எழுந்து நின்றார். அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி அவர், மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சி மறுபடி மூடுகிற பொறுப்பு அவருடையது. தாளை நீட்டி, "சார், இது உங்க எழுத்தா?" என்றார். எழுத்து அழகாக இருந்ததால் கொஞ்சம் பெருமையுடன் ஆமாம் என்றேன். "அப்ப இந்த மடையான் யாரு?" என்றார். பதினாலு மாதத்தில் ஒருவராவது என்னிடம் பறவையைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். தினமும் காலையில் கீழ்மடைக் கல்லில் உட்கார்ந்திருக்குமே, நீங்கள் கவனித்ததில்லையா, கழுத்து இருப்பதே வெளியே தெரியாது, நிறம் சுத்த சேறு, பக்கத்தில் போய் நின்றால்கூட அசையாது, சோம்பேறி என்றுதான் முதலில் தோன்றும் என்று விளக்கினேன். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் கவனித்தேன், மொக்கைச்சாமிக்குக் கழுத்து குட்டை. தினமும் காலையில் கீழ்மடைக் கல்லில் உட்கார்ந்து பல் விளக்குகிறவரும் அவர்தான். எத்தனையோ தடவை அவருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன், எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எனக்குக் கழுத்து இருக்கா இல்லையாங்கிறத நீங்க எதுக்குய்யா எழுதுறீக?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், "கரண்டிவாயன்னா டீ ஆத்துற நம்ம பாண்டிதான்லே" என்றார். பாண்டியராஜ், "நான் ஒருத்தன்தான இருக்கேன், மூணுன்னுல்ல போட்டிருக்கு" என்று எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார். கூழைக்கடா முன்னாள் ஊராட்சித் தலைவர்தான் என்பதில் மட்டும் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்காரு என்று இரண்டு பேர் என்னைப் பாராட்டவே செய்தார்கள். ஆனால் மற்றவர் பெயரெல்லாம் சரி, தன் பெயர்தான் தப்பு என்று ஒவ்வொருவருக்கும் கோபம்.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் நின்று பேசியிருப்பார்கள். மொக்கைச்சாமி என் கையைக் காட்டி, "அத இங்கிட்டுக் குடுங்க பாப்போம்" என்றார். நான் கேமராவைக் கொடுத்தேன். ஸ்டாண்டைக் கொடுத்தேன். குடையைக் கொடுத்தேன். டிபன் பாக்ஸையும் கொடுத்தேன், அதில் நாலு இட்லியும் மிளகாய்ப் பொடியும் இருந்தன. எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு எதிர்ப் பக்கம் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் கக்கத்தில் ஏதோ குத்தியது, எடுத்துப் பார்த்தால் கிளிப் அட்டை. அவர் கேட்டது அதைத்தானாம், மிச்சத் தாள்களில் யார் யாரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. அவர்கள் கேட்டதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், கேட்காததையெல்லாம் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு பத்து நாள் நான் வெளியே போகவில்லை. ஏன் படமே அனுப்பவில்லை என்று நீ கேட்டபோது மேகமூட்டம் என்று எழுதினேன். அது பொய், மன்னித்துவிடு. நீ சம்பாதித்து வாங்கிக் கொடுத்த பொருளைப் பயத்தில் ஊரார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எப்படி எழுதுவேன். அம்மாதான் கண்டுபிடித்தாள். "பத்து நாளா மேகமா? மாடியில என் வத்தல் மொறுமொறுன்னு காஞ்சுக்கிட்டிருக்கு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குப் போவாளோ என்று பயந்தேன். அவள் கேமராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "டிபன் பாக்ஸக் குடுத்துட்டா வந்தீங்க? அது எங்க அம்மா வீட்டுச் சீருங்க. கெளம்புங்க, நானும் வாரேன்" என்றாள். முழங்காலுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டீக்கடையில் மறுபடி அதே பெஞ்சு, அதே ஆட்கள். நான் அம்மாவுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டு, மடையான் என்பது ஒரு பறவையின் பெயர், ஆள்காட்டி முதல் கூழைக்கடா வரை எல்லாமே பறவைகள் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அம்மாதான் உரக்கத் திருப்பிச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. "முப்பத்தெட்டு வருசமா அந்த மடையிலேயே கெடக்கேன். எனக்குத் தெரியாம மடையான்னு ஒரு பறவையா?" என்றார் மொக்கைச்சாமி. கேமராவைக் கொடுத்தால் படத்தைக் காட்டுகிறேன் என்றேன். அவர் மனைவிதான் மூக்காயி. துண்டில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்கி வருவது போல் கொண்டுவந்தாள். இன்னொரு கையில் டிபன் பாக்ஸ், தேய்த்துத் தேய்த்து நம் வீட்டில் இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது, உள்ளே கொஞ்சம் வெங்காயம் வேறு. அம்மா அந்த நிமிடமே கட்சி மாறிவிட்டாள்.

கேமராவை ஆன் செய்தேன். மடையான் வருவதற்குப் பதிலாக ஒரு ஆடு வந்தது. அடுத்து ஆட்டின் மூக்கு மட்டும். பிறகு ஒரு கட்டை விரல், அதே கட்டை விரல், புளிக்குழம்புச் சட்டி, மொக்கைச்சாமி வாயைத் திறந்துகொண்டு தூங்குவது பதினெட்டுத் தடவை. பெஞ்சே சிரித்தது. மொக்கைச்சாமி திரும்பி, "ஏடி, இத எப்படி எடுத்த?" என்றார். "நீயி தூங்குறப்பத்தான், முழிச்சா விடுவியா" என்றாள். நான் வேக வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கீழ்மடைக் கல், விடியலின் சாய்ந்த வெளிச்சம், கல்லைக் கால் இப்போதுதான் விட்டிருக்கிறது, சிறகு இரண்டும் முழு வெள்ளையாக விரிந்து, நுனியிலிருந்து விழுகிற நாலு துளித் தண்ணீர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. அம்மா என் முதுகில் இடித்த பிறகுதான் இதுதான் மடையான் என்று சொன்னேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "அட, நம்ம குருட்டுக் கொக்குல்ல இது! இதுக்கா இம்புட்டுப் பஞ்சாயத்து!" என்றார் பாண்டியராஜ். அந்தப் பறவையை அந்த ஊரில் குருட்டுக் கொக்கு என்றுதான் சொல்கிறார்கள் செல்வி, நான் புத்தகத்தைப் பார்த்து எழுதினேனே தவிர யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடையில் இருப்பதால் மடையான். கல்லில் கழுத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பழைய படம் ஒன்றையும் காட்டினேன். மூக்காயி அதைப் பார்த்து, மொக்கைச்சாமியைப் பார்த்து, மறுபடி அதைப் பார்த்து, "சார் எழுதுனதுல என்ன தப்பு? அச்சு அசலா எங்க வீட்டு ஆளேதான்" என்றாள். அதற்கு மேல் அங்கே யாராலும் கோபமாக இருக்க முடியவில்லை. கூழைக்கடா முன்னாள் தலைவர் இல்லை, வெறும் பறவைதான் என்று தெரிந்ததில்தான் பலருக்கும் ஏமாற்றம்.

மொக்கைச்சாமி மட்டும் சிரித்துவிட்டு மறுபடி தாளைக் கையில் எடுத்தார். "பேரு பறவையோடது, ஒத்துக்கிறேன் சார். ஆனா வேலை எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கீகளே. மடையில உக்காந்திருந்தா வேலை இல்லைன்னு ஆயிருமா? தண்ணி எம்புட்டுப் போகுதுன்னு பாக்குறதுக்குத்தான நான் அங்ஙன உக்காருறது. அதுவும் மீனப் பாத்துக்கிட்டுல்ல நிக்கும்?" என்றார். எனக்கு ரொம்ப வெட்கமாகப் போயிற்று. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, காத்திருத்தல் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெங்காயத்தை அளக்க வரவில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதையும் போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது. அன்று கிளம்பும்போது அந்தப் படத்தை எப்படி எடுத்தாய் என்று மூக்காயியிடம் கேட்டேன். தினமும் விடியக்காலையில் அங்கே புல் அறுக்கப் போவாளாம். கூடையோடு கேமராவையும் எடுத்துப் போயிருக்கிறாள், கண்ணை வைத்துப் பார்த்தால் தூரத்தில் இருப்பது கிட்டத்தில் வருகிறதே என்று. "அது என்னையத் தெனம் பாக்குதுல்ல சார், ஓடாது. அதுக்குப் பறக்கத் தோணுனப்ப நான் பித்தானை அமுக்கிப்புட்டேன்" என்றாள். பதினாலு மாதம் நான் கேமராவின் ஒளித்துளை எண்ணும் ஷட்டர் வேகமும் கட்டம் போட்டு எழுதியது இதற்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு அனுப்பிய படங்களோடு அதையும் சேர்த்து அனுப்பினேன், கீழே விவரம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் போனில் உன் குரல் பதிவு வந்துவிட்டது. "அப்பா, கடைசில பிடிச்சிட்டீங்கப்பா!" என்று நீ சொன்னபோது உன் குரல் தழுதழுத்தது. அந்த நேரத்தில் இல்லையம்மா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கட்டை விரல் தூக்கிய பொம்மை ஒன்றைத்தான் அனுப்பினேன். பிறகு நீ நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய், என் பெயர் போடுகிறார்கள் என்றாய். ஒரு வாரம் நான் நிமிர்ந்து நடந்தேன் செல்வி, பொய் சொல்லவில்லை. தபால் ஆபீஸில் ஒருவரிடம் வெளிநாட்டில் என் படம் மாட்டுகிறார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன், அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் சாப்பாடு போடும்போது, "அந்தப் பொம்பள எடுத்த படத்துக்கு உங்களுக்குக் கெடைக்கிற பாராட்டு நல்லா செமிக்குதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு செமிக்கவில்லை.

போன வாரம் மேலோடைப்பட்டிக்குப் போய் மூக்காயியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "என் பேரு அம்புட்டுத் தூரம் போயி என்ன சார் பண்ணப் போகுது" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டைத் தூக்கினாள். பத்தடி போய்த் திரும்பி வந்தாள். மூக்காயி என்று மட்டும் போடக்கூடாதாம், அந்த ஊரிலேயே நாலு மூக்காயி இருக்கிறார்களாம், மூன்று பேர் தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்வார்களாம். மொக்கைச்சாமி மனைவி என்று போடச் சொல்லவா என்றேன். "அவரு பேரு இருந்தா அவரே எடுத்ததா ஆகிப்போகும். எங்கப்பன் பேரப் போடுங்க" என்றாள். அதனால் பொம்மையன் மகள் மூக்காயி, மேலோடைப்பட்டி என்று போட வேண்டும். இடம் கீழ்மடை என்று கட்டாயம் இருக்க வேண்டும், மேல்மடை என்று போட்டுவிட்டால் அடுத்தவர் பக்கம் புல் அறுக்கப் போனதாக வழக்கு வரும் என்கிறாள். மடையான் என்றே இருக்கட்டும், அடைப்புக்குறிக்குள் குருட்டுக் கொக்கு என்று சேர்த்துவிடு. வெள்ளிக்கிழமைகளில் கேமரா அவளிடம் இருக்கும் என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம், அதாவது அவள் பேசினாள், நான் சரி என்றேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அதனால்தான் எனக்கு இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்தது.

நீ ஏமாந்துபோவாய் என்று தெரியும். உன் அப்பாவுக்கு இன்னும் அந்தப் படம் கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது. நூலகத்தில் என்ன காரணம் கேட்டாலும் தப்பு அப்பாவுடையது என்று சொல், தயங்காதே. மழையில் நனைந்த காலுறையோடு வேலை பார்க்காதே, பையில் ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள். சிறுமலை வாழைப்பழம் இந்த முறை நன்றாக இருக்கிறது, பார்சலில் அனுப்ப முடியாதே என்று அம்மாவுக்கு வருத்தம், அதனால் உன் பங்கையும் சேர்த்து என்னைச் சாப்பிடச் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி நல்லபடியாக இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள்.

மறந்துவிடாதே, பதினான்காம் தேதிக்கு முன்னால் பெயர் மாற வேண்டும். அந்த ஊர் எழுத்தில் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்குக் கீழே தமிழிலும் எழுதி, மாட்டிய பிறகு போட்டோ எடுத்து அனுப்பு. மூக்காயி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல போடச் சொல்லுங்க சார். இல்லாட்டி அதுல உங்க பேரேதான் இருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
ம. சவரிமுத்து